முன்னால் மிதித்தவன்

ஆசிப் இறந்த பிறகு அந்த இரட்டைச் சைக்கிளைத் தொடவே கூடாது என்றுதான் எட்மண்ட் இருந்தார்.

சிட்லபாக்கத்துக்காரர். கணக்கு வாத்தியார். கண் அழுத்த நோயில் பார்வை முழுக்கப் போனதும் வேலையை விட்டு வீட்டோடு முடங்கினார். குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் போட, மனைவி சாராள் கேம்ப் ரோட்டுக் கடைக்காரர் ஒருவரை வரவழைத்தாள். அப்படி அளவெடுக்க வந்தவன்தான் ஆசிப். மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்த எட்மண்டின் பழைய ரேஸ் சைக்கிளைப் பார்த்து, "யாருதுண்ணா இது?" என்று கேட்டான். அடுத்த மாதமே, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

அப்புறம் ஞாயிறு தவறாமல் கோவளம். சாராள் தனியாகத்தான் சர்ச்சுக்குப் போனாள். முன்னால் ஆசிப், பின்னால் எட்மண்ட். வழியெல்லாம் அவன் வாய் ஓயாது. "வலை காயப்போட்டிருக்காங்கண்ணா. ஒரு நாய் அதுமேலயே சுகமா தூங்குது." அவன் சோர்ந்தால், சொல்லாமலே எட்மண்டின் தொடைக்குத் தெரியும். பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்துவார்.

லடாக்கில் கர்துங்லா என்றொரு கணவாய். பதினேழாயிரம் அடிக்கு மேல். மலையேறுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் தேடிப் போகிற இடம். அங்கே ஏறியே தீருவது என்பது ஆசிப்பின் பிடிவாதம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை, கடை ஷட்டரைத் தூக்கினவன் அப்படியே சரிந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அடக்கத்தின்போது யாரோ எட்மண்டின் கையைப் பிடித்துக் குழிக்கு அருகே நிறுத்தினார்கள். மண்ணை அள்ளிப் போட்டார். விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சில வாரம் கழித்து, ஆசிப்பின் மனைவி கைனாத் போன் செய்து சேலையூர் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"சைக்கிளை எடுத்துட்டுப் போங்கண்ணா. பாக்க முடியல."

"நான் லடாக் போறதா இல்லம்மா."

"போங்க." அவள் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமையெல்லாம் அவரு உங்களோடதான் இருந்தாரு. எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. அவ்வளவும் வீணாப் போகணுமா?"

எட்மண்டின் பக்கத்தில் நின்ற சாராள்தான், "போயிட்டு வருவார்" என்றாள்.

ஒரு சைக்கிள் குழுவிலிருந்து ஸ்டெபின் என்றொருவன் முன்னால் உட்கார ஒப்புக்கொண்டான். தாம்பரத்துக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பையன், நல்ல கால். ஆனால் பேச மாட்டான்.

அடிவாரத்து லே நகரில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறினார்கள். வளைவுக்கு வளைவு மூச்சு குறைந்தது. காற்று முகத்தை அறுத்தது.

"வலது பக்கம் என்னப்பா இருக்கு?"

"பள்ளம் சார்."

"இடது பக்கம்?"

"மலை சார்."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எட்மண்ட் தலையைக் குனிந்து மிதித்தார். இந்தக் கால்களின் வேகம் வேறு, தயக்கம் வேறு. பல தடவை பெடல் இடறியது. இரண்டு தடவை, "ஆசிப், கியரை மாத்து" என்று சொல்லிவிட்டார். ஸ்டெபின் திருத்தவில்லை. கியரை மட்டும் மாற்றினான்.

உச்சியில் கொடிகள் படபடத்தன. யார் யாரோ கைதட்டினார்கள், தேநீரை நீட்டினார்கள், படம் எடுத்தார்கள். எட்மண்ட் சிரித்தார். அவருக்குத் தலை வலித்தது, அவ்வளவுதான். வேறெதுவும் தோன்றவில்லை. அந்த உயரத்தில் அதிக நேரம் நிற்கக் கூடாது என்று யாரோ சொன்னதும் இறங்கினார்கள்.

இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை. கால்கள் சும்மா இருந்தன. அப்போதுதான் அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார். தோள் குலுங்கியதில் சைக்கிள் ஆடியது. ஸ்டெபின் ஓரமாக நிறுத்தினான்.

"மூச்சு முட்டுதா சார்?"

"இல்லப்பா. கொஞ்சம் உக்காரணும்."

ஒரு பாறை மேல் அவரை உட்கார வைத்து ஸ்டெபினும் பக்கத்தில் உட்கார்ந்தான். எட்மண்ட் வாய்விட்டு அழுதார். கல்லறையில்கூட அப்படி அழவில்லை.

அழுகை அடங்கியதும் ஸ்டெபின் தயங்கிக் கேட்டான்: "ஆசிப் சார் எப்படி இருப்பாரு? நான் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்லப்பா" என்றார் எட்மண்ட்.

ஸ்டெபின் அவர் கையுறையைச் சரிசெய்து விட்டான். கீழே ஒரு லாரி உறுமி ஏறிக்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை இருந்துவிட்டு, இருவரும் எழுந்தார்கள்.