எந்த பெட்ரோல் என்று கேட்டவர்

அன்று அத்தானை நான் அடிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், கையில் ஸ்பேனர் இருந்ததுதான். வெறுங்கையாக இருந்திருந்தால் ஓர் அறையோடு முடிந்திருக்கும்.

அக்காவின் கார் காலையில்தான் இழுவை வண்டியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிற நர்ஸ் அவள். சார்ஜ் போட்டும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் கார் அது. பாட்டரி நாற்பத்தைந்து கிலோமீட்டர் தாங்கும். தினசரி அலைச்சலுக்கு அதுவே போதும். முந்தின நாள் அழைப்பு வந்த வீடு அறுபது கிலோமீட்டர் தள்ளி. பாட்டரி தீர்ந்ததும் கைகொடுக்க வேண்டிய இன்ஜின், நாலு இருமல் இருமிவிட்டு நடுரோட்டில் படுத்துவிட்டது. வேறொரு நர்ஸ் போய்ப் பிரசவம் பார்த்தார். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் கார் ஏன் நின்றது என்று மாலைக்குள் பட்டறைக் கடிதம் வேண்டும் என்றது அக்காவின் ஆபீஸ். வண்டியைக் கவனிக்காதது அவள் தவறென்றால் இனி பிரசவ அழைப்பு கிடையாது. இருபது வருஷம் பிரசவம் பார்த்தவள் மேஜையில் உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டியதுதான்.

டாங்கிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோலைப் பிடித்தேன். பழைய வார்னிஷ் வாடை. ஐந்து நிமிடத்தில் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் தனியாக நின்றது. டாங்க் மூடியின் ரப்பர் வேறு வெடித்திருந்தது.

"எப்ப போட்டது இது?"

"பதினாலு மாசம் இருக்கும்," என்றார் அத்தான் பெருமையாக. "ஃபுல் டாங்க். அதுக்கப்புறம் ஒரு சொட்டு வாங்கலை."

அடுக்களைச் சுவரில் 'பெட்ரோல் வாங்காத நாள்' என்று எண் எழுதி வருகிறவர் அவர். அக்காவின் காருக்குச் சார்ஜ் போடுவதும் அவர்தான். பழைய பெட்ரோலை எரிக்க இன்ஜினை ஓட்டட்டுமா என்று காரின் திரை கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று அழுத்தியிருக்கிறார்.

எனக்குத் தலைக்கேறியது. "எத்தனால் கலந்தது அத்தான் இது! காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கும். மாசக்கணக்கா நின்னா தண்ணி பிரிஞ்சிடும். எப்பவாவது பெட்ரோல் போடற வண்டிக்கு எத்தனால் இல்லாததா பாத்துப் பத்து லிட்டர் போட்டா போதும். மாசம் ஒரு தடவை இன்ஜினை ஓடவிடணும். இருக்கிறதுலயே மலிவானதைக் கழுத்து வரைக்கும் ஊத்தி வெச்சிருக்கீங்களே, அது என்ன ஊறுகாயா?"

"கோபப்படாதேம்மா. பம்பு கோளாறுன்னு எழுதிக் குடு. கார் கம்பெனிக்காரன் தலையில கட்டிடலாம்."

"வாயை மூடுங்க! அக்கா வேலைக்கே உலை வெச்சிட்டு, என்னைப் பொய் வேற எழுதச் சொல்றீங்களா?"

"நான் உன்னைக் கேட்டுட்டுத்தானே போட்டேன்?"

கார்க் கண்ணாடி துடைக்கிற தண்ணீரை எந்த நிறத்தில் வாங்குவது என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் செய்வார். ஒரு நாளைக்கு ஆறு செய்தியாவது வரும். போனை நீட்டினார். 'எந்த பெட்ரோல் போடணும்? எவ்வளவு?' கீழே என் பதில்: 'ஏதோ ஒண்ணு. டாங்க் நிறைய ஊத்துங்க. ஒரு வருஷத்துக்கு என்னைக் கேக்காதீங்க.' சொன்ன சொல் தட்டாமல் செய்திருக்கிறார் மனுஷன்.

கோபம் குறையவில்லை, கூடியது. இந்தப் பதிலை எழுதியவளின் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது. என்னிடம் வேலை பார்க்கிற யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அக்கா அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நேத்தே காட்டினார்."

"அப்புறம் ஏன் வாயே திறக்கலை?"

"ஆபீஸ் வண்டியெல்லாம் உங்கிட்டதானே வருது. உண்மையை எழுதினா அது போயிடும். பம்புன்னும் எழுதாதே. நான் கவனிக்கலைன்னு எழுதிடு."

அவள் பெருந்தன்மை அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல் தாளை எடுத்து எழுதினேன்: தவறான எரிபொருளைப் போடச் சொன்னது இந்தப் பட்டறை, நர்ஸ் மீது தவறில்லை. கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

அக்கா இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"வேற நர்ஸ் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அந்தப் பொண்ணு வலியில என் பேரைச் சொல்லித்தான் கத்தியிருக்கா," என்றாள். "அதையும் எழுது."

தாளைத் திரும்ப வாங்கி, கையெழுத்துக்கு மேலே இடம் தேடி, அதையும் எழுதினேன்.