சாப்பிட்டு இரண்டு மணி நேரம்

லேபில் கிறிஸ்டினா சாராளின் முழங்கை மடிப்பை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு கிடைக்கவில்லை. ரப்பர் பட்டையை அவிழ்த்து மறு கையில் கட்டினாள். அங்கே ஒரு நீலக் கீற்று தலைகாட்டியது; ஊசி போனதும் நழுவி உள்ளே போய்விட்டது.

"தண்ணி குடிச்சீங்களா ஆன்ட்டி?"

"இல்லமா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வாயில ஒண்ணும் படல."

"தண்ணி கூடவா?"

"நீதான ஃபோன்ல ஃபாஸ்டிங்ல வாங்கன்னு சொன்ன?"

கிறிஸ்டினா சிரித்துவிட்டாள். அவள் கழுத்திலும் ஒரு சின்னச் சிலுவை தொங்கியது. "ஐய, அது சர்ச் ஃபாஸ்டிங் இல்ல ஆன்ட்டி. சாப்பாடு, டீ, காப்பிதான் கூடாது. பச்சத் தண்ணி எவ்ளோ வேணா குடிக்கலாம். குடிச்சாதான் நரம்பு மேல வரும். போய் ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு வெளிய உக்காருங்க, அப்பால கூப்புடறேன்."

காக்களூரில் சாராள் போகும் சபையில் ஃபாஸ்டிங் என்றால் ஒரே அர்த்தம்தான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எச்சிலை மட்டும் விழுங்கிக்கொண்டு மண்டியிட்டிருப்பது. பாஸ்டர் ஆமென் சொன்ன பிறகு பன்னும் டீயும். தண்ணீர் குடித்துவிட்டு ஃபாஸ்டிங் என்று சொன்னால் பாஸ்டரம்மா ரோசம்மாள் ஒரு பார்வை பார்ப்பார். லேபுக்கும் அதே சொல், அதே சட்டம் என்றுதான் சாராள் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் விடிவதற்குள் எழுந்து மண்டியும் போட்டாள். ஃபாஸ்டிங் என்றால் ஒரு விண்ணப்பம் வேண்டும். சபையில் ஒவ்வொருத்தியும் வாய்விட்டுச் சொல்வாள்: மகளுக்கு வரன், புருஷனின் குடி, வீட்டுமனைப் பட்டா. சாராள் எப்போதும் 'சரீர சுகம்' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். இன்றைக்கு அந்த இரண்டு சொல்லும் வரவில்லை. அவளுக்கு வேண்டியது சரீர சுகம் இல்லை. வேண்டியதை மண்டியிட்டுக் கேட்க முடியாது. அதனால் சும்மா முட்டி வலிக்கும் வரை இருந்துவிட்டு, எழுந்து பஸ்ஸைப் பிடித்தாள்.

மகன் ஜெரால்டு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறான். கம்பெனி வேலை, கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு, மனைவி. துபாய் இல்லை, டில்லி இல்லை. பெரியபாளையத்தில் பஸ் மாறினால் போதும். அவனுக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்று ஒன்று இருந்தால் சமாதானம் என்று ஒன்றும் இருக்கும். புருஷன் தேசப்பன் இறந்த பிறகு அவன் வருவது மெல்ல மெல்லக் குறைந்து, ஷிப்ட் என்றும் ஓவர்டைம் என்றும் ஃபோனில் நின்று, இப்போது கிறிஸ்மஸ் வாழ்த்துப் படத்தில் வந்து நின்றிருக்கிறது. நடுவில் ஒரே ஒரு முறை, போன மழைக்காலத்தில், அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பாக்கிங் செக்‌ஷனில் பிரஷர் ஏறி அவள் மயங்கி விழுந்தாள். சூப்பர்வைசர் ஃபோன் செய்ய, அவன் மழையோடு பைக்கில் வந்துவிட்டான். மாத்திரை வாங்கினான். கஞ்சி வைத்தான், உப்பு போட மறந்துவிட்டான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, புரளும்போதெல்லாம் "மா, இன்னா வேணும்" என்றான். அந்த ஒரு இரவை அவள் எத்தனையோ நாள் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். உடம்பு சரியாகிவிட்டது. அவன் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவளாகவே டாக்டரிடம் போய்க் கால் எரிகிறது என்றாள். கொஞ்சம் எரியத்தான் செய்தது. சுகர் பார்த்துவிடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தபோது, அவள் மனசில் ஏதோ ஒன்று, ஊரிலிருந்து ஆள் வரப்போகிற வீடு போல, எழுந்து கூட்டிப் பெருக்க ஆரம்பித்தது.

வெளியே பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மணவாளன், ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், நெல் போடுகிறவர். கேட்காமலே சொன்னார். ரத்தம் கொடுத்துவிட்டு மடித்த கையோடு இருந்தவரின் சட்டைப் பையில் ஃபோன் அலறியது. தூக்கிப் பிடித்தபோது எதிர்முனைக் குரல் சாராளுக்கே கேட்டது.

"மாமா, எடுத்தாச்சா? டப்பால இருக்கற ரெண்டு இட்லிதான். ஓட்டல் பக்கம் போனீங்கன்னு வைங்க..."

"போவலமா. கண்ணால கூட பாக்கல."

"காப்பி?"

"நெனப்பே இல்ல." ஃபோனை வைத்துவிட்டுச் சாராளைப் பார்த்தார். "மருமவ. நர்மதான்னு பேரு. ஒரு வாரமா பாவக்கா சாறு ஊத்தி ஊத்தி, ஒடம்பே கசந்து போச்சு. ரிசல்ட்டு எறங்கி வரணுமாம். பேஜாரும்மா. உங்கூட யாரும் வர்லியா?"

"தனியாதான் வந்தேன்."

"குடுத்து வச்சவ. கேக்கறதுக்கு ஆளு இல்ல."

சாராள் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். அவர் நல்ல மனுஷன்தான். சொன்னது இன்னது என்று அவருக்குத் தெரியாது.

இந்த முறை நரம்பு எழும்பியது. ரத்தம் குழாயில் இருட்டாக ஏறுவதை அவள் முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள். கிறிஸ்டினா பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டாள். "தேய்க்காதீங்க, அழுத்திப் புடிங்க. இப்ப போயி, டெய்லி காலைல இன்னா சாப்புடுவீங்களோ அத்தயே சாப்டுங்க. சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி திரும்ப எடுக்கணும். நடுவுல வேற எதுவும் தின்னக் கூடாது. அலைஞ்சிகினும் இருக்காதீங்க."

டெய்லி இன்னா சாப்புடுவீங்களோ. படியிறங்கும்போது சாராள் யோசித்தாள். சில நாள் ராத்திரி மிஞ்சிய சோற்றில் மோர். சில நாள் கம்பெனி டீ. ஒரு ஆளுக்கு அடுப்பு பற்றவைப்பது அநியாயமாகப் பட்டு விட்டுவிட்ட நாள்தான் அதிகம். டெய்லி என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் மூலை மேசையில் உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று உட்காரும் வரை அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. சப்ளையர் வந்ததும் வாய் தானாகச் சொன்னது.

"கேசரி ஒண்ணு."

"அப்பால?"

"இன்னொரு கேசரி. ஜாமூன் இருக்குதா? ரெண்டு. காப்பி, சக்கர தூக்கலா."

அவன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். "நாஷ்டாவே ஸ்வீட்டா? இன்னாக்கா விசேஷம், பர்த்டேவா?"

"பையனுக்கு."

"பர்த்டே அவருக்கு, கேசரி உனுக்கா? அவரு வர்லியா?"

"வருவான்."

அவன் சிரித்துக்கொண்டே போய்க் கொண்டுவந்து வைத்தான். அவளுக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. முதல் கேசரி சீக்கிரம் போனது. இரண்டாவதில் நெய் தொண்டையில் நின்றது. ஜாமூனை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் சற்று நேரம் அப்படியே இருந்தாள். உலகத்தில் எல்லோரும் சுகர் இறங்கி வர வேண்டும் என்று பாகற்காய்ச் சாறு குடிக்கிறார்கள். தான் ஒருத்தி அதை ஏற்றிவிட உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அழுகையாக வரவில்லை, கூச்சமாகத்தான் வந்தது. குளிக்கும்போது யாரோ பார்த்துவிட்ட மாதிரி. ஜீராவை ஸ்பூனால் வழித்துக் குடித்தாள். ஏறட்டும். ஏறினால் மாத்திரை, மாத்திரை என்றால் மாதா மாதம் செக்கப், செக்கப்புக்குக் கூட ஒரு ஆள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

திரும்பி வந்து அதே பெஞ்சில் காத்திருந்தாள். மணவாளன் இட்லி டப்பாவை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டிருந்தார். ஒரு முறை விழித்து, "உம்மேல ஜாமூன் வாசன அடிக்குதும்மா" என்றார். "சும்மா சொன்னேன். கனவுல அதான் வந்திச்சி." மறுபடி தூங்கிப்போனார். சாராள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

நேரம் ஆனதும் கிறிஸ்டினா மறுபடி ரத்தம் எடுத்தாள். மிஷின் சொல்லும் வரை இருக்கச் சொன்னாள். சாராள் இருந்தாள். வயிறு கனத்தது. கண்ணை மூடினால், காலையில் கேட்க முடியாமல் போனது வார்த்தையாகவே உதட்டுக்கு வந்தது. கர்த்தாவே, கொஞ்சம் ஏத்தி விடும்.

"சாராள் ஆன்ட்டி, வாங்க." கிறிஸ்டினா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "சூப்பர். சாப்புடறதுக்கு முன்னயும் நார்மல், சாப்ட்ட அப்பறமும் நார்மல். உங்க வயசுல இப்டி பாக்கறதே கஷ்டம்."

"நல்லா பாத்தியாமா? சாப்ட்டதுலயும் ஏறலியா?"

"ஏறுச்சி, ஒடம்பே கரெக்டா எறக்கிடுச்சி."

"அப்ப கால் எரியறது?"

"நாள் பூரா நின்னுகினே வேல பாக்கறீங்க இல்ல. டாக்டர்கிட்ட காமிங்க. ஆனா இதுல பயப்பட ஒண்ணும் இல்ல." லேப் ஃபோனை எடுத்தாள். "ரிப்போர்ட்ட வாட்ஸப்ல போட்டுடறேன். நம்பர் சொல்லுங்க."

சாராள் ஒரு நம்பரைச் சொன்னாள். எத்தனையோ தடவை அழைக்காமல் பார்த்து மட்டும் வைத்த நம்பர், தடுமாறாமல் வந்தது.

"உங்க நம்பரா?"

"பையன்து."

கிறிஸ்டினா அனுப்பிவிட்டு ஃபோனை மேசைமேல் வைத்தாள். "போயிடுச்சி. பாத்துட்டாரு, ப்ளூ டிக் வந்திச்சி பாருங்க. இன்னாவோ டைப் பண்றாரு." அதற்குள் மணவாளன் உள்ளே வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் ரப்பர் பட்டையோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"மெதுவா குத்துமா. இட்லிய நம்பி வந்துகீறேன்."

ஃபோனில், ஜெரால்டின் நம்பருக்குக் கீழே, பச்சை எழுத்தில் 'டைப்பிங்' என்ற சொல் தெரிந்தது. போனது. மறுபடி வந்தது. நார்மல் என்று பார்த்த பிறகு ஆம்பிளைப் பிள்ளை என்ன எழுதுவான், ஒரு கட்டைவிரல் படம் போட்டால் முடிந்தது, அதற்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று அவள் நினைத்தாள். மறுபடி போனது. பின்னால் மணவாளன் ஸ்ஸ் என்றார். திரை மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. சாராள் மடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற கையின் விரல் நுனியால் அதைத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. சற்று நேரத்தில் மங்கியது. மறுபடியும் தொட்டாள்.