கலியாணக் கார்

சோக் குமிழை முழுவதும் இழுத்துப் பிடித்துத் திறப்பைத் திருப்பியபோது மொறிஸ் மைனர் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. மூன்றாம் தரம் திருப்ப, பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது. அவசரத்தில் இயந்திரத்துக்கு அளவுக்கு மிஞ்சிப் பெற்றோல் ஊட்டிவிட்டோம் என்பது தாரகாவுக்கு விளங்கியது. இனி ஐந்து நிமிடம் கை வைக்காமல் இருக்க வேண்டும். அவளிடம் ஐந்து நிமிடம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் சோதனை எழுதி முடியப் பதினொரு மணி. மண்டபத்தை விட்டு வெளியே வந்து கைபேசியைத் திரும்பப் போட்ட அதே நிமிடம் மாமா இராஜேந்திரன் அழைப்பெடுத்தார். அம்மாவின் தம்பி. நான்கு நாளாக அப்பா படுத்திருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தார்.

"சோதினை முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் மாமா. என்ன?"

"அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாக் கிடக்கு. அங்கயே நில், நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"நீங்கள் ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறியள். இஞ்ச வால்தம்ஸ்டோவுக்கு வந்து திரும்பிப்போக ரெண்டு மணித்தியாலம் ஆகும். என்னட்டக் கார் இருக்கு, நான் வாறன்."

"அந்தக் கிழட்டுக் காரிலயோ? வேண்டாம் பிள்ளை."

"மாமா, அப்பா கதைக்கிறாரோ?"

மறுபக்கத்தில் கதவொன்று சாத்தப்படுவது மட்டும் கேட்டது.

"மூச்சு இருக்குத்தானே மாமா?"

"இருக்கு, இருக்கு. நீ பதட்டப்படாமல் ஆறுதலா வா."

இந்தச் சனத்துக்குச் சாவை நேரே சொல்ல வாய் வராது. இரண்டு வருடத்துக்கு முதல் பெரியப்பா ரொறன்ரோவில் செத்தபோதும் முதலில் வந்த சொல் 'கடுமை'தான். அடுத்த அழைப்பில் 'மெசின்ல வைச்சிருக்கினம்'. மூன்றாவதில்தான் அழுகை. இதெல்லாம் தாரகாவுக்குத் தெரியும். ஆனால் மாமா 'இருக்கு' என்று இரண்டு தரம் சொல்லியிருந்தார். பொய்யென்றால் ஒரு தரம் போதாதா? அந்த இரண்டாவது 'இருக்கு'வை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சோக்கை உள்ளே தள்ளி, வேகமிதியைத் தரையோடு மிதித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினாள். கார் உறுமிக்கொண்டு எழும்பியது. சோதனைக்கு வந்திருந்த பெடியங்கள் இரண்டு பேர் மதிலில் இருந்தபடி கை தட்டினார்கள்.

தட்டத்தான் செய்வார்கள். பதினேழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கலியாணக் காரில் வருவது அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அப்பா பத்மநாதன் ஈஸ்ட் ஹாமில் மாப்பிள்ளை பொம்பிளை ஏற்றிப்போகவென்று வாங்கிய கார் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் செய்தது, அவருடைய வயதுதான் அதற்கும். புகை வரிச் சட்டம் வந்தபோது வீட்டு டீசல் வானை விற்க வேண்டி வந்தது. நாற்பது வயது கடந்த காருக்கு அந்த வரி கிடையாது. ஆகவே கிழமை நாட்களில் அவள் அதை ஓட்டினாள், சனி ஞாயிறுகளில் அது மாலை போட்டுக்கொண்டது. போன சனிக்கிழமைக் கலியாணத்தின் வெள்ளி ரிபன் இன்னமும் முன்மூடியின் மேல் இழுத்துக் கட்டியபடியே இருந்தது. அதை அவிழ்க்க வேண்டியவர் ஞாயிறு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இருந்துவிட்டார்.

லீ பிரிட்ஜ் ரோட்டில் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்தாள். இந்தக் காரில் முழுதாக நின்றால்தான் முதல் கியர் விழும். அவசரத்துக்குத் தள்ளினால் பல்லைக் கடிக்கும். ஹக்னியில் பச்சை விழுந்தபோது அவள் அவசரத்துக்குத் தள்ளினாள். கார் நடுச்சந்தியில் நின்றுபோனது. பின்னால் ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஒருவன் கண்ணாடியை இறக்கித் தூஷணம் சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

"ப்ளீஸ். ப்ளீஸ், இண்டைக்கு மட்டும்," என்றாள் அவள், காரிடமோ வேறு யாரிடமோ.

யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. சோதனைக்கு முதல் நாள் கோயிலுக்குப் போய், உயிரியலில் எப்படியாவது 'ஏ' வரவேண்டும் என்று கும்பிட்டிருந்தாள். அப்பா மருந்துக்குச் சுகமாகிக்கொண்டு வருகிறார் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள், அவளும் நம்பியிருந்தாள். இருந்த ஒரு வேண்டுதலையும் வீணாகச் செலவழித்துவிட்ட ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் வீதி தெரியாது என்பதால் அதையும் விழுங்கினாள்.

டவர் பிரிட்ஜுக்குக் கிட்டப் போனபோது சிவப்பு விளக்கு எரிந்தது. வீதிக்குக் குறுக்கே படலையைச் சாத்தினார்கள். பாலம் நடுவால் பிளந்து, இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. உயரப் பாய்மரம் வைத்த கப்பலொன்று, உலகத்தில் ஒருவருக்கும் ஒரு அவசரமும் இல்லாததுபோல ஆற்றில் வந்துகொண்டிருந்தது.

தாரகா ஸ்ரியரிங்கைக் கையால் குத்தினாள். ஆனி மாத வெயில் கூரையில் இறங்கியது. முன்மூடியின் இடுக்கால் ஆவி எட்டிப் பார்த்தது. இயந்திரத்தை நிற்பாட்டினால் திரும்ப எழும்புமோ தெரியாது, நிற்பாட்டாவிட்டால் கொதித்துவிடும். ஹீற்றரை முழுதாகத் திருகி, இயந்திரத்தின் சூட்டைத் தன்பக்கம் இழுத்துவிட்டாள். அனல் காலில் ஏறியது. பள்ளிக்கூடச் சட்டை முதுகோடு ஒட்டியது. 'நான் வரும்வரைக்கும் விடாதேங்கோ அப்பா' என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், நிறுத்தத் தெரியவில்லை.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். உல்லாசப் பயணிகள், வயதான வெள்ளைக்காரச் சோடி. அந்த அம்மா ரிபனைக் காட்டி, இன்றைக்குக் கலியாணமா என்று கேட்டாள். தாரகாவுக்கு விளக்கம் சொல்ல நேரமும் இல்லை, நாக்கும் இல்லை. ஓம் என்று தலையாட்டினாள். வாழ்த்துச் சொல்லி, வேர்த்து ஒழுகும் சாரதியையும் ஆவி விடும் காரையும் அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பாலம் இறங்கப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. ஒவ்வொன்றையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா நின்றார். கையில் சிகரெட் இருந்தது. அவர் சிகரெட்டை விட்டு ஆறு வருடம்.

"திறப்பைத் தா, நான் பார்க் பண்ணுறன்," என்றார். "நாலாம் மாடி."

"இருக்கிறாரோ மாமா?"

"மேல போ பிள்ளை."

தனி அறை. வாசலில் திரை இழுத்து விட்டிருந்தது. உள்ளே எந்த மெசினும் சத்தம் போடவில்லை, ஒரு வயரும் இல்லை. அப்பாவின் தலையை வாரி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அம்மா பக்கத்துக் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

தாரகா அப்பாவின் கையைத் தொட்டாள். இப்போது போன உயிரின் குளிர் அல்ல என்பது அவளுக்கே தெரிந்தது.

"எத்தினை மணிக்கு?"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. "ஏழுக்குப் பத்து."

"காலமையோ?"

"ஓம்."

"ஏழரைக்கு நீங்கள் எனக்குப் போன் எடுத்தனீங்கள்."

"ஓம்."

"புட்டுச் சாப்பிட்டனியோ எண்டு கேட்டனீங்கள். அப்பாவோட கதைக்கவேணும் எண்டு நான் கேட்க, டொக்டர் நிக்கிறார், பிறகு கதை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் பிள்ளை."

தாரகாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த வழியெல்லாம், அந்தப் பாலத்தில், யாரிடம் அவ்வளவு கெஞ்சினாள்? அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டுபோகப்போறம் எண்டு நேர்ஸ்மார் மூண்டு தரம் வந்திட்டினம்," என்றாள் அம்மா. "பிள்ளை சோதினைக்குப் போட்டாள், வந்து பாக்காமல் விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்." உதடு வெடித்திருந்தது. விடியலிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். பிறகு முதல் தரமாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

"எப்பிடிச் செய்தனி?"

கடைசிப் பகுதியில் இரண்டு கேள்விகளை அவள் எழுதாமலே விட்டிருந்தாள். முதல் பக்கத்திலும் ஒரு வரைபடம் பிழை. அம்மாவின் கண் அவளுடைய வாயிலேயே நின்றது. அந்த ஐந்தரை மணித்தியாலத்தையும் அம்மா இந்த ஒரு மறுமொழிக்காகத்தான் தாங்கியிருக்கிறாள் என்பது தெரிந்தபோது, தாரகாவின் கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போனது.

"நல்லாச் செய்தனான் அம்மா."

"எல்லாம் எழுதினனியோ?"

"ஓம். எல்லாம்."

அம்மா எழுந்தாள். கட்டிலில் குனிந்து, அப்பாவின் காதோடு வாயை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, கேட்டியளே? நல்லாச் செய்தவளாம்."

சொல்லிவிட்டு, போர்வையை அவருடைய நெஞ்சுவரை இழுத்து ஓரங்களைச் செருகினாள்.

திரைக்கு வெளியே மாமா தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓம், பிள்ளை வந்திட்டாள். இனி எல்லாருக்கும் சொல்லலாம்."