லியுபென் எந்தப் பக்கம் தலையாட்டினார்?

வெலிச்காவின் வீட்டில் தங்க வருகிறவர்களுக்குக் கையில் சாவி விழுவதற்கு முன்னால் காதில் யோசனை விழுந்துவிடும். பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். ப்ளோவ்திவின் பழைய நகரத்துக் கல் தெருக்களில் குதிகால் செருப்போடு நடக்காதீர்கள், கணுக்காலை இங்கேயே விட்டுவிட்டுத்தான் ஊர் போய்ச் சேருவீர்கள். வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடையில் சாப்பிடாதீர்கள். நன்றாகச் சமைக்கிறவனுக்கு வாசலில் ஆள் எதற்கு? குடல் சூப்பைக் காலையில் குடியுங்கள், பூண்டும் காடியும் தாராளமாகப் போட்டு. அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் யாரையும் முத்தமிடாதீர்கள். ரோமானியர் கட்டிய அரங்கத்தை வெயில் ஏறுவதற்கு முன்னால் மேல் சந்திலிருந்து பாருங்கள். ரகியாச் சாராயத்தைச் சாலட்டோடு குடியுங்கள், சின்னக் குவளையை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாவிட்டால் அதைத் தொடவே தொடாதீர்கள். யார் வீட்டுக்காவது பூ வாங்கிப் போவதானால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்கு.

இத்தனைக்கும் முன்னால் சொல்லப்படும் முதல் யோசனை தலையைப் பற்றியது.

"எங்க ஆளுங்க தலையைப் பக்கவாட்டுல ஆட்டினா சரின்னு அர்த்தம். மோவாயைத் தூக்கி மேலயும் கீழயும் ஆட்டினா மாட்டேன்னு அர்த்தம். உங்க ஊர் வழக்கத்தை அப்படியே மூட்டை கட்டிப் பெட்டிக்குள்ள வச்சிடுங்க. இல்லாட்டி காப்பி வேணாம்னு சொன்ன மனுஷனுக்கு மூணு காப்பி வாங்கிக் குடுத்துட்டு நிப்பீங்க."

தமிழருக்கு இதில் பாதி பழகிய சங்கதிதான். நாமும் சரி என்பதைப் பக்கவாட்டில்தான் சொல்கிறோம். திண்டாடுவது மற்ற வெள்ளைக்காரர்கள். அவர்கள் திண்டாடுவதைப் பார்ப்பது வெலிச்காவுக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

யோசனை சொல்வதில் அவளுக்கு ஒரே ஒரு போட்டி. அது லியுபென். நகரத்தில் மின்கம்பி பஸ் ஓடிய காலத்தில் அதை ஓட்டியவர்; பஸ்ஸை நிறுத்திய பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டுவிட்டார். ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் வெலிச்காவின் சமையலறைக்கு வருகிறார். விருந்தாளிகளை அழைத்துப் போக வருவதாகப் பேச்சு. விருந்தாளியே இல்லாத பனிக்கால நாட்களிலும் வருகிறார் என்பதைத் தெருவே கவனித்திருந்தது, வெலிச்கா மட்டும் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

"பானிட்சா வேணும்னா பஸ் நிலையத்துக்குப் பின்னாடி கடைல வாங்குங்க," என்பாள் அவள், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்த அடுக்குப் பலகாரம் இல்லாமல் அவளுக்குப் பேச்சு ஓடாது.

"அந்தம்மா பேச்சைக் கேக்காதீங்க," என்பார் லியுபென். "அங்க வாங்கினதைப் பிழிஞ்சா வீட்டுக்கே விளக்கேத்தலாம்."

"நேத்து நீங்க ரெண்டு தின்னீங்களே?"

"ஆராய்ச்சிக்காகத் தின்னேன்."

ஒன்பது வருடமும் இப்படி 'நீங்க'தான். அந்த ஊரில் 'நீ' என்பது வீட்டு மனிதருக்கு உரியது. வளர்ந்த ஆணும் பெண்ணும் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்க வேண்டுமானால் முதல் அடியைப் பெண் எடுத்து வைக்க வேண்டும். இதுவும் வெலிச்காவின் யோசனைகளில் ஒன்றுதான். விருந்தாளிகளுக்குச் சொல்லுவாள், தான் செய்ய மாட்டாள். கணவன் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது, இனி எந்த வம்பும் வேண்டாம் என்று இருந்தாள்.

நவம்பர் தொடங்கியதும் இடி விழுந்தது. லியுபென் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். கடலோரத்துப் புர்காஸ் நகரத்திலிருந்து மகன், "அப்பா, இங்க வந்துடுங்க, இந்த வயசுல எதுக்குக் கல்லுலயும் மண்ணுலயும் அலையறீங்க," என்று தினமும் போன் செய்தான். வேறு வீடு கிடைக்காவிட்டால் போய்விடுவதாக லியுபென் காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று வெலிச்கா விருந்தாளிகளுக்குக் குடல் சூப்பைப் பற்றிச் சொல்ல மறந்துபோனாள்.

அவள் வீட்டின் பின்பக்கம் அத்தி மரத்தைப் பார்த்தாற்போல ஓர் அறை இருந்தது. அதை அவள் விருந்தாளிகளுக்குக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பென்கா, காலையில் படுக்கை தட்டிப் போடவும் பலகாரம் சுடவும் கூடமாட உதவுகிறவள், அந்த அறையைப் பெருக்கும்போது போகிற போக்கில் சொன்னாள்.

"அக்கா, இந்த ரூமுல பேயா குடியிருக்கு? அந்த மனுஷன் புர்காஸ்ல மருமக கையால மீன் தின்னு செத்துடப் போறாரு. கூப்பிட்டா என்ன?"

"எப்படிடீ கூப்பிடறது? ஒண்டி ஆம்பளையை, ஒண்டிப் பொம்பள?"

"வாயாலதான் கூப்பிடணும். ஊருக்கெல்லாம் யோசனை சொல்ற வாய் அங்கதானே இருக்கு?"

புதன்கிழமை காலை. சமையலறையில் டென்மார்க்கிலிருந்து வந்த கிர்ஸ்டனும் அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் நல்ல மாணவர்கள். முதல் நாளே தலையாட்டும் பாடத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டவர்கள். பென்கா எண்ணெயில் மெகிட்சா என்ற மாவுப் பலகாரத்தைப் பொரித்துப் பொரித்துப் போட, லியுபென் உப்பிய ஒன்றை எடுத்துக் காட்டு ரோஜாப் பழ ஜாமில் தோய்த்து முழுசாக வாய்க்குள் தள்ளினார். அப்போதுதான் வெலிச்கா, இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கப்போவதில்லை என்று பட்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"லியுபென்," என்றாள், விருந்தாளிகளுக்கும் புரிகிற அவளது ஆங்கிலத்தில், தாய்மொழியில் கேட்கக் கூச்சமாக இருந்ததால். "பின் ரூம் சும்மாத்தான் கிடக்கு. நீங்க வந்து இருந்துக்கலாம். வாடகைக்கு இல்ல. எனக்கு... காலைல சண்டை போட ஆள் வேணும். வர்றீங்களா?"

லியுபெனின் கண் விரிந்தது. வாய் நிறையக் கொதிக்கும் மாவு. பேச வழியில்லை. தலையை மேலும் கீழுமாக ஆட்டினார், ஒருமுறை அல்ல, நாலைந்து முறை, பலமாக.

வெலிச்காவுக்கு அது மாட்டேன் என்றுதான் பட்டது. ஒருவேளை தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் கிர்ஸ்டன், படித்த பாடத்தை மறக்காதவள், முகம் வாடி எட்டி அவள் கையைப் பிடித்து, "வருத்தப்படாதீங்க," என்றாள் மெதுவாக. அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

"பரவாயில்ல, சும்மாத்தான் கேட்டேன்," என்று வெலிச்கா யார் முகத்தையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டாள். லியுபென் ஒருவழியாக மாவை விழுங்கி, வெந்த நாக்கோடு எழுந்தபோது அவள் அங்கே இல்லை. வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. மலைப்பக்கத்து மடாலயங்களுக்கு ஒரு கூட்டத்தை மூன்று நாள் கூட்டிப்போக வேண்டியிருந்தது அவருக்கு. பாவம், கூச்சப்படுகிறாள், ஞாயிற்றுக்கிழமை பூவோடு முறையாக வந்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி வண்டியேறினார்.

சீட்டிச் சத்தம் பின்கட்டில் நின்றவளுக்குக் கேட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டி வேறு அடிக்கிறான் மனுஷன்! அழுகைதான் முதலில் வந்தது, கோபம் பிறகுதான் வந்தது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் தங்கியவர்கள் பாவப்பட்டவர்கள். எங்கே சாப்பிடலாம் என்று கேட்டவர்களுக்கு, "எங்கயாவது சாப்பிடுங்க, எல்லாம் ஒண்ணுதான்," என்று பதில் வந்தது. எதைப் பார்க்கலாம் என்றவர்களுக்கு, "கல்லு. எங்க பார்த்தாலும் கல்லுதான். பார்த்துக்குங்க," என்றாள். ஊர் சுற்றிக் காட்ட நல்ல ஆள் உண்டா என்று ஒருவர் கேட்டதற்கு, "போன்ல வரைபடம் இருக்கில்ல? அது போதும். அது சீட்டியும் அடிக்காது," என்றாள்.

பென்கா பயந்துவிட்டாள். "சாப்பாட்டு விஷயத்துல எல்லாம் ஒண்ணுதான்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல அக்கா. டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"பேசாம வேலையைப் பாருடீ."

வெள்ளிக்கிழமை வந்த ஒரு ஜெர்மன் ஓவியருக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக, அத்தி மரத்து அறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தாள். அதை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டென்மார்க் தம்பதி பெட்டியோடு வாசலில் கிளம்பி நின்றார்கள். தெருவின் கீழ்ப்பக்கமிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. லியுபென் ஒரு கைவண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒரு பெட்டி, ஒரு ரேடியோ, நடுவில் அவர் இடுப்புயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். போன வாரம்தான் முழு முட்டைக்கோஸாக உப்புநீரில் ஊறப் போட்டது. அந்த ஊரில் குடும்பமாக வாழ நினைக்கிற எவரும் முட்டைக்கோஸ் பீப்பாய் இல்லாமல் பனிக்காலத்தைத் தாண்ட மாட்டார்கள். ஊரைவிட்டுப் போகிறவர் எவரும் அதை மேட்டில் தள்ளிக்கொண்டு வரவும் மாட்டார்கள். அவர் வாயில், கை இரண்டும் வண்டியில் இருந்ததால், கார்னேஷன் பூங்கொத்து ஒன்று.

பென்காதான் முதலில் பூவை எண்ணினாள். தெருக்கல்லில் குலுங்கியதில் ஒன்று ஒடிந்து விழுந்து ஆறுதான் இருந்தது. "ஐயோ, சாவுக்கா வந்திருக்கீங்க!" என்று பாய்ந்து, கொத்தை அவர் வாயிலிருந்து பிடுங்கி, ஒன்றைக் கிள்ளித் தன் கொண்டையில் சொருகிக்கொண்டாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் வெலிச்கா. "புர்காஸ் பஸ் கீழ நிக்குது."

"என்னங்க இது? நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"நான் சொன்னேன். நீங்கதான் மாட்டேன்னீங்களே."

"நானா? நான் எப்ப மாட்டேன்னேன்? மகனுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன், அவன் மூணு நாளா பேச மாட்டேங்கறான்!"

"மேலயும் கீழயும் அப்படி ஆட்டினீங்களே தலையை! குதிரை மாதிரி! நான் பார்த்தேன், இவங்க பார்த்தாங்க!"

கிர்ஸ்டன் ஆமென்று பக்கவாட்டில் தலையாட்டினாள், ஊர்க்காரி மாதிரியே.

லியுபெனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. எத்தனையோ வருடமாக அவர் பெருமையடித்துக்கொண்டது அது: வெளிநாட்டுக்காரர் முன்னால் அவர்கள் வழக்கம், ஊர்க்காரர் முன்னால் நம் வழக்கம், என் கழுத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன் என்று.

"நீங்க இங்கிலீஷ்ல கேட்டீங்க," என்றார் பலவீனமாக. "இவங்க வேற எதிர்ல உக்காந்திருந்தாங்க. கழுத்து தானா அந்தப் பக்கம் போயிடுச்சு. நான் சரின்னுதான் ஆட்டினேன். அஞ்சு தடவை ஆட்டினேன்!"

"அஞ்சு தடவை மாட்டேன்னு ஆட்டிட்டு, சீட்டி வேற அடிச்சீங்க."

"சந்தோஷத்துல அடிச்சேன்!"

நாலு நாளாகத் தான் யாரை எங்கெங்கே சாப்பிட அனுப்பிவிட்டோமோ என்று வெலிச்காவுக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது, சிரிப்போடு கண்ணீரும். மேலங்கியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரூம்ல ஆள் இருக்கு," என்றாள். "வியாழக்கிழமை வரைக்கும் சமையலறை பெஞ்சுலதான் படுக்கணும். பெஞ்சு குட்டை."

"காலை மடக்கிக்கறேன்."

"பஸ் நிலையத்துப் பானிட்சாவைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"அது மட்டும் முடியாதுங்க."

அவள் வாசற்படியிலிருந்து ஓர் அடி இறங்கினாள். இந்தத் தடவை தாய்மொழியில்தான் கேட்டாள், தெருவிலிருந்த ஜன்னல்கள் திறக்கும் சத்தத்தைப் பொருட்படுத்தாமல்.

"லியுபென், நீ இங்கயே இருக்கியா?"

'நீ' என்ற அந்த ஒரு சொல் பென்காவின் காதிலும் விழுந்துவிட்டது. கிர்ஸ்டன் லியுபெனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தப் பக்கம் போகப்போகிறதோ என்று.

லியுபென் வண்டியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். வண்டி பீப்பாயோடு மேட்டிலிருந்து பின்னோக்கி உருளப் பார்க்க, பென்கா கத்திக்கொண்டே ஓடிப்போய் முதுகு கொடுத்தாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தலை எந்தப் பக்கமும் அசைந்துவிடாதபடி இரண்டு கையாலும் காதோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கேன், வெலிச்கா," என்றார். "நீ போன்னு சொன்னாலும் இருக்கேன்."