இன்னொரு சுற்று

“சேச்சி, ஒரு ரவுண்டு கூடி போணோ?”

கொச்சிப் பக்கத்துத் தீம் பார்க்கில், மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண்பிள்ளை, இன்னொரு சுற்றுப் போக வேண்டுமா என்று சண்முகப்ரியாவிடம் இப்படிக் கேட்டாள். சங்கிலியில் நாற்காலிகளைத் தொங்கவிட்டுச் சுற்றுகிற ராட்டினம் அது. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் வரிசையில் ஆளே இல்லை. கூட வந்தவர்களெல்லாம் சோற்றுக்குப் போய்விட்டார்கள். அத்தனை நாற்காலிகளில் இவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். சுற்று முடிந்து நின்ற பிறகும் சங்கிலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஈரமான கால் இரண்டும் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின.

“இல்லீங்க, பரவாயில்லீங்க” என்றாள் சண்முகப்ரியா.

அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டிவிட்டு இடுப்புக்குக் குறுக்கே இருந்த கம்பியைத் தூக்கிவிட்டாள். அவ்வளவுதான். சண்முகப்ரியா இறங்கிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சோற்றுக்குப் போனாள்.

இது நடந்து பதினோரு நாளாகிவிட்டது. காரமடைக்கு மேற்கே முதலாளி வெள்ளியங்கிரியின் கறிவேப்பிலைக் கொட்டகையில் வழக்கம்போல விடிந்தும் விடியாமலும் தழை வந்து இறங்குகிறது. பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து பழுத்த இலையைக் கிள்ளி எறிந்து, காம்பை ஒரே மட்டமாக அடுக்கி, நாரால் கட்டுகிறார்கள். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் தெளித்துச் சாக்கில் சுற்றி வைத்தால் சாயங்காலம் பாலக்காட்டு லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். எட்டு வருஷமாகச் செய்கிற வேலை. கையும் சேலையும் தலைமயிரும் கறிவேப்பிலையாக மணக்கும். அந்த மணம் அவளுக்கு மூக்கில் ஏறியே பல வருஷமாயிற்று. ஊர் திரும்பிய மறுநாள் காலையில்தான் கொட்டகைக்குள் நுழைந்ததும் அது முகத்தில் வந்து அறைந்தது. ஓ, நாம் இங்கேதான் இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது பிடித்ததுதான் இந்தக் கனம்.

அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது, யாரும் சாகவில்லை. கவலை என்றால் எதைப் பற்றி என்று கேட்பார்கள். வீட்டில் குறையில்லை. புருஷன் நஞ்சுண்டன் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறான். குடிப்பதில்லை, அதிகம் பேசுவதுமில்லை. மகள் எழில் எட்டாம் வகுப்பில் ஒழுங்காகப் படிக்கிறாள். எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும்போது, முப்பத்தைந்து வயதுப் பொம்பளை ராட்டினத்தை நினைத்து ஏங்குகிறாள் என்றால் கேட்கிறவன் சிரிக்கமாட்டானா?

வருஷா வருஷம் தை மாதம் வெள்ளியங்கிரி வேலைக்காரர்களை ஒரு நாள் வேனில் கூட்டிப்போவார். பழனி, திருச்செந்தூர், மருதமலை என்று எப்போதும் கோயில்தான். இந்த வருஷம் காலேஜ் படிக்கிற அவர் மகள் ஷ்ரவ்யா ஒற்றைக் காலில் நின்று பார்க்குக்கு மாற்றிவிட்டாள். வெள்ளியங்கிரி அங்கே அலையடிக்கிற குளத்தோரம் பதினெட்டு ஜோடிச் செருப்புக்குக் காவலாகக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஆடினார்கள். கொட்டகையில் மூத்தவளான கருப்பாத்தாள் சறுக்கில் வந்து விழுந்ததில் மூக்குத்தித் திருகாணி தொலைந்து, அதை ஆறு பேர் தேடினார்கள். ஊர் திரும்பியதும் எல்லோரும் அதையெல்லாம் இரண்டு நாள் பேசிச் சிரித்து முடித்துவிட்டார்கள். சண்முகப்ரியாவுக்குத்தான் முடியவில்லை.

“பாருங்கொ, இவ உசுர அந்தச் சங்கிலியிலயே தொங்கப் போட்டுட்டு வந்துட்டா” என்றாள் கருப்பாத்தாள், சண்முகப்ரியா கட்டிய கட்டைத் திருப்பிப் பார்த்து. “காம்பு ஒரு பக்கம், தழ ஒரு பக்கம். இதென்ன கட்டா, காக்கா கூடா?”

“பிரிச்சுக் கட்டீர்றனுங்க்கா.”

“கட்டு கட்டு. அங்க போறத இப்புடிக் கட்டுனயின்னா மலையாளத்தான் ரசத்துல போடாம மாட்டுக்குப் போட்டுருவான்.”

சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு வராமலில்லை, சிரித்து முடித்ததும் அந்தக் கனம் அதே இடத்தில் இருந்தது.

அவளுக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் அதைச் சமாளித்துப் பார்த்தாள். கொட்டகைக் கக்கூசில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, குளிக்கிற வாளியில் கலந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொம்பு ஊற்றினால் பார்க்கின் தண்ணீர் வாசம் அப்படியே வந்தது. இரண்டாம் சொம்பில் கண் எரிந்தது. அவளுக்குப் பின்னால் குளித்துவிட்டு வந்த நஞ்சுண்டன் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஏம்புள்ள, பஞ்சாயத்துக்காரன் தொட்டி கழுவுனானா?” என்றான்.

“ஆமாங்க, கழுவுனாப்புல இருக்குது.”

“பரவால்லியே” என்றான் அவன், நிஜமான சந்தோஷத்தோடு.

இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனே கேட்டான், “அத்தன ஒசரம் போனயே, மேலருந்து என்ன தெரிஞ்சுது?”

அவள் யோசித்தாள். “என்ற கால் தெரிஞ்சுதுங்க.”

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு மோர் கேட்டான். அவனுக்கு மலைப்பாதை பஸ்ஸில் போனாலே தலை சுற்றும்; ஊட்டிக்குக் கல்யாணத்துக்குப் போய் மூன்று வளைவிலேயே இறங்கித் திரும்பியவன். அவனிடம் இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி மில்லில் விட்டார்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட எட்டு மணி நேரம் நின்ற கால் அது. கல்யாணமாகி, குழந்தை பெற்று, இப்போது சாக்கில் மடங்கிக் கிடக்கிற கால். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாமல், வெறும் காற்றும் தூறலுமாக இருந்தது அந்த மூன்று நிமிஷம்தான். சண்முகப்ரியா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். இன்னும் மூன்று நிமிஷம் பார்த்திருக்கலாம். கேட்டார்களே! ஏன் வேண்டாமென்று சொன்னோம்? ராத்திரியும் பகலும் இதே கேள்விதான். ஆசை இல்லாமலா? நெஞ்சு முழுக்க ஆசைதான் இருந்தது. வாய் மட்டும் தனியாகப் போய் பரவாயில்லீங்க என்று சொல்லிவிட்டது.

பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. சாயங்காலம் லாரி கொண்டுவருகிற ஆல்வின் புது டிரைவர், வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது சண்முகப்ரியா தூக்குப் போசியில் டீ கொண்டுபோனாள்.

“டீ குடிங்ணா.”

“வேண்டா சேச்சி.”

“அட, குடிங்க.”

“வேண்டா, இப்பத்தான் குடிச்சேன்.”

“இத்துனூண்டுதானுங்க. சும்மா வாங்கிக்குங்க.” டம்ளரில் ஊற்றியே விட்டாள்.

ஆல்வின் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “சேச்சி, வேண்டாம்னா வேண்டாம்தானே? உங்க ஊருல வேண்டாம்னு எத்தன வாட்டி சொல்லணும்?”

“அதெப்புடீங்க, ஒருக்காக் கேட்டவொடனே யாராச்சும் வேணும்பாங்களா? மூணு வாட்டி கேட்டாத்தான…” என்று ஆரம்பித்தவள் போசியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

“எங்க ஊருல ஒருக்கா கேட்டா போதும்” என்று சொல்லிவிட்டு அவன் டீயைக் குடித்தான்.

அவள் அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்தாள். அந்த மஞ்சள் பனியன் பிள்ளை இன்னொரு தடவை கேட்பாள் என்று இவள் காத்திருந்திருக்கிறாள்! அட, சும்மா வாங்க என்று கையைப் பிடித்து இழுப்பாள், அப்போது சரி என்று சொல்லிக்கொள்ளலாமென்று உடம்பு முழுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது. கம்பியைப் பிடித்த கையைக்கூட அவள் எடுக்கவில்லை. பாவம், அந்தப் பிள்ளைக்கு இந்த ஊர் வழக்கம் எப்படித் தெரியும்? சண்முகப்ரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாக்கு தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பன்னிரண்டு நாளில் அன்றுதான் கனம் கொஞ்சம் இறங்கியது.

இனி ஒருக்காக் கேட்டால் போதும் என்று முடிவு செய்துகொண்டாள். அடுத்த நாளே அதற்கு வாய்ப்பு வந்தது. கொட்டகைச் சாவி வாங்க வெள்ளியங்கிரி வீட்டுப் பின்வாசலுக்குப் போனபோது அவர் மனைவி ஹாரிகா உள்ளேயிருந்து, “காப்பி குடிக்கிறயா அம்மணி?” என்றாள்.

“குடுங்க்கா, குடிக்கறன்.”

ஹாரிகா எட்டிப் பார்த்தாள், வந்திருப்பது இவள்தானா என்பதுபோல. அதற்கப்புறம் பால் பாக்கெட் எடுக்க ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம், பாத்திரம் கழுவுகிற சத்தம், அடுப்பு பற்றவைக்கிற சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கால் மணி நேரம் அவள் வாசலில் நின்றாள். காப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டிருந்தது.

“வாங்கம்மா வாங்க” என்று எழுந்தே நின்றாள் கருப்பாத்தாள். “ஒரே வார்த்தையில காப்பி வாங்கிக் குடிச்சுபோட்டு வந்தவீங்க. எனக்குங் கொஞ்சம் சொல்லிக் குடு கண்ணு. நானு முப்பது வருசமா வேண்டாம் வேண்டாம்னு சொல்லி, நெசமாவே குடிக்காமத்தான் வந்துட்டிருக்கறன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். கருப்பாத்தாள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்து நாரை எடுத்தாள்.

மாசியில் அரங்கநாதர் தேர் வந்தது. தேருக்கு மூன்று நாள் முன்பே மைதானத்தில் ராட்டினக்காரர்கள் கம்பி நட ஆரம்பித்தார்கள். பெரிய ராட்டினம், கப்பல், குழந்தைகளுக்கு ரயில். வடக்கு மூலையில் சங்கிலி நாற்காலி ராட்டினமும் இருந்தது. வேலை விட்டு வருகிற வழியில் சண்முகப்ரியா அதைப் பார்த்துவிட்டாள். பார்க்கில் இருந்ததில் பாதிதான் உயரம். பெயின்ட் உரிந்து, நாற்காலிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருந்தன.

தேர் ஓடி முடிந்த மறுநாள் சாயங்காலம், கூட்டம் குறைந்திருக்குமென்று நஞ்சுண்டன் அவளை டிவிஎஸ்ஸில் கூட்டிவந்தான். எழில் பரீட்சையென்று வரவில்லை. பொரி வாங்கினார்கள். வளையல் கடையைச் சும்மா பார்த்தார்கள். வெயில் இன்னும் போகவில்லை. விளக்குச் சரங்கள் எரியாமல் கம்பியில் தொங்கின. நடந்து நடந்து வடக்கு மூலைக்கே வந்து சேர்ந்தார்கள். அவள்தான் அந்தப் பக்கமாக நடந்தாள் என்பதை நஞ்சுண்டன் கவனித்தானோ இல்லையோ.

“இதுல ஏறுறயா?” என்றான்.

ஒருக்காத்தான் கேட்டான்.

“ஏறுறனுங்க” என்றாள் சண்முகப்ரியா. சொன்ன வேகத்தில் காது சூடாயிற்று. அவன் ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்தான். அவன் ஏறுவான் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட ஏழெட்டுப் பிள்ளைகள். கம்பிக்குப் பதில் ஒரு சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டினார்கள். எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு இரண்டு முறை இருமியது. பிறகு தரை மெல்ல விலகியது. பொரிக் கடை, டிவிஎஸ்கள், கோபுரம், மேற்கே நீலமாக மலை, மறுபடி பொரிக் கடை. வேகம் கூடியதும் அதெல்லாம் ஒரே கோடாகக் கலந்தது. அவள் குனிந்து பார்த்தாள். இருந்தது. செருப்பில்லாத, வெடித்த குதிகாலோடு, அவளுடைய கால், ஒன்றுமில்லாததன் மேல். அது பார்க்கில் மட்டும்தான் இருக்குமென்று எதற்கு நினைத்தாள்?

சுற்று சீக்கிரமே முடிந்துவிட்டது. பிள்ளைகள் கொக்கியைக் கழற்றிக்கொண்டு குதித்து ஓடினார்கள். வெளியே அடுத்த ஆட்டத்துக்கு யாருமில்லை. மீசைக்காரன் ஒருவன் நாற்காலிகளைத் தட்டிக்கொண்டே வந்தான். “எறங்குங்க எறங்குங்க, முடிஞ்சுது.”

இவன் கேட்கப்போவதில்லை. ஒரு தடவைகூடக் கேட்கப்போவதில்லை.

“நானு எறங்கலீங்க” என்றாள்.

“என்னுங்க?”

“இன்னொருக்காப் போறனுங்க.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “டிக்கெட்டு?”

அவள் கம்பி வேலிப் பக்கம் திரும்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் நஞ்சுண்டன் ஒரு கையில் பொரிப் பையும், இன்னொரு கையில் அவளுடைய செருப்புமாக நின்றுகொண்டிருந்தான். சுற்றுகிறதைப் பார்த்தே அவனுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அட, பரவாயில்லீங்க, வந்தர்றனுங்க என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டுச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நஞ்சுண்டன் பொரிப் பையை வேலிக் கம்பியில் மாட்டினான். செருப்பைக் கீழே ஜோடியாக வைத்தான். பிறகு திரும்பிக் கூட்டத்துக்குள் நடந்தான். டிக்கெட் கொடுக்கிற இடமும் வண்டி நிறுத்தியிருந்த இடமும் ஒரே பக்கம்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை பலூன்காரனுக்குப் பின்னால் போய் மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி லேசாக ஆடியது. கால் இரண்டும் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தன.