அம்மா நெட்டை நிறுத்திய தவக்காலம்

அப்பாவின் வலது கைக்கு நான் வாங்கிக் கொடுத்த மருந்து ஒரு கார் பந்தய விளையாட்டு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பக்கவாதம் வந்து அந்தக் கையின் விரல்கள் மடங்கிவிட்டன. பிசியோதெரபி செய்யும் பெண் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நான் என்ன கைக்குழந்தையா?" என்று தூக்கிப் போட்டார். காரை மட்டும் விடவில்லை. பாலக்கரை வீட்டில் டிவி முன்னால் கன்ட்ரோலரோடு உட்கார்ந்து, ஆட்காட்டி விரலால் வேகம் கூட்டி, கட்டைவிரலால் திருப்பி, ஒரே அமர்க்களம். விரல்கள் நிமிர ஆரம்பித்தன. சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். அரியமங்கலம் லேத் பட்டறைக்குத் திரும்பப் போவதாகப் பேசத் தொடங்கினார்.

அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. அம்மா வருஷாவருஷம் எதையாவது ஒறுத்தலாக விட்டுவிடுவாள். இந்த வருஷம், அப்பாவின் கை சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நெட்டை விட்டாள். சாம்பல் புதன் அன்று வைஃபை பெட்டி பீரோவுக்குள் போனது. செல்போன் டேட்டாவும் நின்றது. சென்னையில் இருக்கும் என் தங்கையிடம் தினமும் வீடியோவில் பேசாவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. ஆனாலும் விட்டாள். அப்பாவின் விளையாட்டுக்குத்தான் டிஸ்க் இருக்கிறதே, அதற்கு எதற்கு நெட் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் நான் போகும்போது அப்பாவின் விரல்கள் மறுபடி இறுகிக்கொண்டே வந்தன. அம்மா பயந்துபோனாள். ஒறுத்தல் போதவில்லை என்று மீனை விட்டாள், பிறகு காபியையும் விட்டாள். அவர் கை இறுக இறுக இவள் இளைத்தாள்.

குருத்து ஞாயிறு அன்று, "தினமும் வண்டி ஓட்டுறீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஓட்டுறேம்மா."

ஆனால் கன்ட்ரோலரில் தூசி படிந்திருந்தது. நானே டிஸ்க்கைப் போட்டேன். இணையத்தில் இணைத்தால்தான் விளையாட முடியும் என்று திரையில் வந்தது. வீட்டுக்குள் தன்னந்தனியாக ஒரு மனுஷர் ஓட்டுகிற காருக்கு, எங்கேயோ இருக்கிற கம்பெனி அனுமதி கொடுக்க வேண்டுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தனை வாரமா ஏன்ப்பா சொல்லல?"

"மெதுவா பேசு, ஃபெமினா. என் கைக்காகத்தானே உங்கம்மா நெட்டை நிறுத்தியிருக்கா. அதனாலயே கை கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? தாங்கமாட்டா."

"இப்ப என் போன்லேருந்து நெட் தரேன்."

"நீ கிளம்பினப்புறம்? விடு, ஈஸ்டர் வரட்டும்."

அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. பட்டறைச் சத்தத்தில் பழகிய குரல். அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. போய் பீரோவைத் திறந்தாள்.

"வேணாம் அக்னஸ். இன்னும் ஒரு வாரந்தான். வேண்டுதலை முறிக்காத."

"எனக்கு உங்க கைதாங்க வேணும். என் புண்ணியத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஆண்டவர்ட்ட நான் பேசிக்கிறேன்."

பெட்டியில் விளக்கு எரிந்தது. அந்த விளையாட்டு உடனே விட்டுவிடுமா? விட்டுப்போன அப்டேட்டை எல்லாம் இறக்க ஆரம்பித்தது. அது முடியும்வரை அம்மா அப்பாவின் கையை மடியில் எடுத்து வைத்து ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்தினாள். அழுதுகொண்டேதான் செய்தாள். வலிக்கிறது என்று அவர் சொன்னபோதும் விடவில்லை.

ஒருவழியாகத் திரையில் கார் வந்தது. அம்மா கன்ட்ரோலரை அந்தக் கையில் வைத்து விரல்களை அதன்மேல் பொருத்தினாள்.

"ஓட்டுங்க."

ஆட்காட்டி விரல் நடுங்கியது, அமுங்கவில்லை. திரும்பவும் முயன்றார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. அம்மா தன் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தினாள். கார் கிளம்பியது. நின்றுவிடுமோ என்ற பயத்தில் வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு மெல்ல விரலை எடுத்தாள்.

கார் ஓடிக்கொண்டிருந்தது.