நீல நிறப் படுக்கைப் பைகள்

செர்பியா முழுக்க மாணவர்கள் அரசை எதிர்த்து வகுப்புகளை நிறுத்திவிட்டுப் பள்ளிகளுக்குள்ளேயே உட்கார்ந்த குளிர்காலம் அது. கொலுபாரா ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளியிலும் அப்படித்தான். முப்பத்தோரு வருடமாக அங்கே புவியியல் நடத்துகிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வகுப்பறையில் படுத்தார்கள் என்பதைத் தவிர, என் கோபத்துக்கு வேறு காரணம் இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

ஒரு நாள் காலை வெளியிலிருந்து வகுப்பறை ஜன்னல் வழியே பார்த்தேன். வரிசையாகப் படுக்கைப் பைகள். எல்லாம் ஒரே நீலம், எல்லாவற்றிலும் ஜெர்மன் எழுத்து. வாசலில் நின்ற உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரன் மைக்கை நீட்டினான்.

"இந்தப் பசங்களுக்குப் பின்னாடி யாரு சார்?"

"பையில என்ன எழுதியிருக்குன்னு போய்ப் படிங்க. முன்னாடி நிக்கிறாளே துன்யா, அவ அத்தை வியன்னாவுல இருக்கா. எல்லாம் சும்மா வருமா?"

அன்று மாலையே மூன்று முறை போட்டார்கள். மறுநாள் ரொட்டிக் கடையில் துன்யாவின் அம்மாவிடம், "உம் பொண்ணுக்குச் சம்பளம் யூரோவுலயா, நம்ம தினார்லயா?" என்று யாரோ கேட்டார்களாம். அந்த வாரமே நகராட்சியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா மோமிரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

என் மனைவி மிலுங்கா, தங்கை வீட்டிலிருந்து சனிக்கிழமை திரும்பினாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் பை யாருதுன்னு தெரியுமா உனக்கு?"

"ஜெர்மன்காரனுது."

"நம்மளுது. வெள்ளம் வந்த வருஷம் ஜெர்மனிலேருந்து வந்த நிவாரணம்னு தெரு முழுக்கக் குடுத்தாங்களே. மூணு மாசம் அதுக்குள்ளதான் நீ குறட்டை விட்ட. பரண்ல கிடந்ததை நான்தான் பசங்களுக்கு எடுத்துக் குடுத்தேன். எல்லா வீட்டுலயும் குடுத்தாங்க."



திங்கட்கிழமை தொலைக்காட்சி அலுவலகத்துக்குப் போனேன். "அது பழைய செய்தி சார்" என்றார்கள். பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் எதையும் கூட்டம் போட்டுக் கைதூக்கித்தான் முடிவெடுப்பார்கள். எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை.

துன்யா மட்டும், "இது நாங்க ஓட்டுப் போட்டு மன்னிக்கிற விஷயம் இல்ல சார். எங்கப்பாகிட்ட போங்க" என்றாள்.

மோமிர் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். நான் பேசி முடிக்கும் வரை கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நகராட்சி ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

"வரேன்."

மறுநாள் இருவரும் போனோம். நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். மோமிரைத் திரும்ப எடுக்கவில்லை. மார்ச் மாதம் அவன் ஸ்லோவேனியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான்.

வசந்தத்தில் வகுப்புகள் தொடங்கின. துன்யா இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறாள். கேள்வி கேட்கிறாள், மரியாதையாகத்தான். நான் சுவரிலிருக்கும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.